987-ஆம் டோக்கனும் இடம்விடல் குழுவும்

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில், 2002-ஆம் ஆண்டு, மாவட்ட நிரலாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. இன்னும் இருக்கிறது என்றுதான் கேள்வி. இப்படிப்பட்ட அமைப்புகள் லேசில் சாவதில்லை. அதன் உறுப்பினர்கள் எல்லாரும் ஒரே கணினி ஸ்கிரிப்ட் மொழியில் நிரல், அதாவது புரோகிராம், எழுதுகிறவர்கள், அல்லது எழுதக் கற்றுக்கொடுக்கிறவர்கள், அல்லது எப்போதோ எழுதியதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அந்த மொழியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அது ஒரு பாவமும் அறியாதது.

எல்லாரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துத் திருத்த வேண்டுமே. பத்தி தொடங்கும்போது நாம் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுகிறோம் இல்லையா, அதேபோல நிரலிலும் வரிகளுக்கு முன்னால் இடம் விடுவார்கள். எவ்வளவு இடம், எந்த விசையைத் தட்டி விடுவது என்பதுதான் கேள்வி. டேப் விசையை ஒருமுறை தட்டினாலும் இடம் விழும், ஸ்பேஸ் பாரை நாலு முறை தட்டினாலும் இடம் விழும். தாளில் அச்சிட்டுப் பார்த்தால் எது எதுவென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. கணினிக்கோ இதில் அக்கறையே இல்லை. இடம் விட்டாலும் அந்த மொழி ஓடும், விடாவிட்டாலும் ஓடும். சங்கத்துக்கு மட்டும் அக்கறை. இரண்டு வருடம் நாலு மாதமாக அவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் ஹரிபாபு நியூஜெர்சியில் நாலு வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஆட்குறைப்பு வந்தபோது முதல் பட்டியலிலேயே பெயர் இருந்தது. அதை அவர் 'தாய்மண்ணின் அழைப்பு' என்று சொல்வார். அவர் டேப் கட்சி. செயலாளர் உமாபதி, 'தொண்ணூறு நாளில் அமெரிக்கா' என்று ஊரெல்லாம் சுவரில் எழுதிவைத்திருந்த கணினிப் பயிற்சி நிலையத்தின் முதலாளி. அவர் எந்தக் கட்சியில் ஆள் அதிகமோ அந்தக் கட்சி. ஸ்பேஸ் கட்சிக்குத் தலைவர் கிரண்குமார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாயுடுபேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார். அவர் எழுதிய நிரல் ஒன்றையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், அடுத்தவர் எழுதியதை அளக்க.

இந்தச் சங்கத்தை நம்பித்தான் யாமினி சித்தூரிலிருந்து பஸ் ஏறினாள். அவள் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். உமாபதியின் நிலையத்தில் தொண்ணூறு நாள் படித்தாள், சங்கத்திலும் உறுப்பினரானாள். அமெரிக்கா கிடைக்கவில்லை, சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையின் வாசலில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை கிடைத்தது.

ஜூன், ஜூலையில் அந்த ஆலைக்கு முன்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் இரண்டு மைலுக்கு நிற்கும். முந்திய வருடம் யார் முதலில் உள்ளே போவது என்ற சண்டையில் மூன்று பேருக்கு மண்டை உடைந்தது. அதனால் டோக்கன் முறை வந்தது. கம்ப்யூட்டர் டோக்கன் கொடுக்கும், கம்ப்யூட்டர் கூப்பிடும், வாசலில் உள்ள பலகையில் சிவப்பு எண் எரியும், எண் எரிந்தால்தான் கேட் திறக்கும். ஒரு டிராக்டருக்கு ஒரு டோக்கன். சரக்கை இறக்கும்வரை அந்த டிராக்டர் எண்ணுக்கு வேறு டோக்கன் கிடையாது. நிரலைச் சங்கம் இலவசமாகக் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. அதில் ஒரு புள்ளியை மாற்றுவதென்றாலும் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். கடவுச்சொல் சங்கத்திடம் இருந்தது.

டோக்கன் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. நூற்றொன்று நல்ல எண் என்று ஆலை முதலாளி சொன்னதால் 101-இல் தொடங்கியது. எல்லாம் ஒழுங்காக நடந்தது, 999 வரைக்கும்.

யாமினியின் அப்பா கோவர்த்தனன் ஒரு திங்கட்கிழமை காலை நாலு டன் காயோடு வந்தார். முன்பெல்லாம் அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்தவர். குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கரில் வந்த முதல் முழு விளைச்சல் இது. டோக்கன் 987. சாயங்காலத்துக்குள் கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குள் டோக்கன் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பலகையில் 1004 எரிந்தது, பிறகு 1005, பிறகு 1006. 987-லிருந்து 999 வரை பதின்மூன்று டிராக்டர்கள் ஓரத்தில் நிற்க, நேற்று ராத்திரி வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே போனான். முந்திப் போகிறவன் புகார் சொல்வானா? யாரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானத்துக்குள் யாமினி பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள். நிரல் எண்களை எண்களாகப் பார்க்காமல், அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் இலக்கத்தை வைத்து அடுக்கியது. ஆயிரத்துக்கு முதலில் ஒன்று இருக்கிறது, 987-க்கு முதலில் ஒன்பது. ஒன்றுதானே முந்தும்? 212-ஆம் வரியில் ஒரு மூன்றெழுத்துக் கட்டளையை எடுத்துவிட்டு வேறு மூன்று குறிகளைப் போட்டால் தீர்ந்தது. மூச்சு விடும் நேரத்து வேலை.

மேனேஜர் சிட்டிபாபுவிடம் போனாள். "சார், இந்தப் பதிமூணு வண்டிய மட்டும் கையால எழுதி உள்ள உட்டுடலாமா?"

"அய்யய்யோ யாமினிம்மா! கையால உட்டா போன வருஷம் மாதிரி மண்டை ஒடையும். கம்ப்யூட்டர் கூப்ட்டாதான் கேட்டு. அந்தே." அந்தே என்றால் அவ்வளவுதான். "சங்கத்துக்குப் போ. அவங்க பெத்த மனுஷங்க, நிமிஷத்துல பண்ணிக் குடுப்பாங்க." பெத்த என்றால் பெரிய.

வாசலுக்கு எதிரே டீக்கடையும் டெலிபோனும் வைத்திருந்த செல்லியம்மாவின் கடையில் அப்பா உட்கார்ந்திருந்தார். "நைனா, திருப்பதி போய்ட்டு வரேன். ஒரே வரி. நாளைக்கு சரி பண்ணிக்கினு வந்துடறேன். நீ இங்கியே இரு."

"போய்ட்டு வாம்மா. நான் எங்க போவப்போறேன்," என்றார் கோவர்த்தனன். காய் அப்போது பச்சையாக, கல் மாதிரி இருந்தது.

புதன்கிழமை சங்கத்தின் இடம்விடல் குழு கூடியது. அப்படித்தான் அதற்குப் பெயர். பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு போண்டா. யாமினி எழுந்து, டோக்கன், டிராக்டர், 987 என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, வரியை அச்சிட்ட தாளை நீட்டினாள். கிரண்குமார் தாளை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வரிக்கு முன்னாலிருந்த இடத்தில் வைத்தார்.

"இந்த இடத்த எதுல விட்டே? ஸ்பேஸா, டேப்பா?"

"தெரியல சார். அது முன்னாடியே இருந்தது. நான் வரிக்கு நடுவுல மட்டும்தான்..."

"தெரியல," என்று கிரண்குமார் மற்ற பத்துப் பேரையும் பார்த்துச் சொன்னார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோல அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

ஹரிபாபு கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கியது, ஏற்கெனவே அடங்கித்தான் இருந்தது. "யாமினி, நீ பேசறது ஒரு வரியப் பத்தி. நாங்க பேசறது ஒரு மரபப் பத்தி. நியூஜெர்சில என்னோட மேனேஜர் ஒருநாள் கூட என் புரோகிராம் ஓடுதான்னு கேட்டதில்ல. பார்க்க எப்படி இருக்குன்னுதான் கேப்பார். அதான் அமெரிக்கா. நம்ம ஆளுங்க ஓடினா போதும்ங்கறாங்க. ஓடறது யார் வேணா பண்ணலாம்மா. நாம எழுதற நடையில ஒத்துப்போயிட்டா, பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பெங்களூர விட்டுட்டு இங்க வந்து நிப்பான்."

"சார், காய் நிக்குது சார்."

"நிக்கட்டும். நிதானம் வேணும்."

"இந்த வரிய மட்டும் இப்ப ஏத்திட்டு, இடத்த அப்புறமா..."

உமாபதி மினிட்ஸ் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அது எப்படிம்மா? நடை முடிவாகாம இந்த வரிய ஏத்துக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. தள்ளினா என்ன காரணம்னு எழுதணும். காரணம் நடை. நடை இன்னும் இல்ல." அவர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. ரொம்ப நாள் கழித்து ஒரு விஷயம் அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

திருத்தம் கொண்டுவந்தவர் குழு முடியும்வரை கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. யாமினி சித்தி வீட்டில் தங்கினாள். தினமும் செல்லியம்மா கடைக்குப் போன் போட்டாள். அப்பா எடுத்ததும் முதலில் கேட்பது, "துன்னியாம்மா?"

"துன்னேன் நைனா. காய் எப்படிக் கீது?"

"நல்லாத்தான் கீது. நீ வேலையப் பாத்துக்கினு வா."

புதன்கிழமை முழுவதும் டேப் கட்சியும் ஸ்பேஸ் கட்சியும் மாறி மாறிப் பேசின. கிரண்குமார் ஒரு மணி நேரம் பேசினார். ஸ்பேஸ் என்பது உழைப்பு, டேப் என்பது சோம்பேறித்தனம், நாலு முறை தட்டவேண்டிய இடத்தில் ஒருமுறை தட்டுகிறவன் நாளைக்கு எதைத்தான் செய்யமாட்டான் என்று கேட்டார். டேப் கட்சியில் ஒருவர் எழுந்து, ஸ்பேஸ் பாரை நாலு முறை தட்டுவதால் கட்டைவிரல் தேயும் என்று டாக்டர் சீட்டோடு நிரூபித்தார். சாயங்காலம் ஹரிபாபு எழுந்து ஒரு யோசனை சொன்னார். எவ்வளவு இடம் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டாம், நம் மண்ணிலேயே அளவு இருக்கிறது. சந்திரகிரி அரண்மனையில் ஒரு மாடிக்கு மேல் அடுத்த மாடி எவ்வளவு உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அளந்துவிட்டால் போதும்.

இதைக் கேட்டுப் பத்துப் பேரும் கைதட்டினார்கள். படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள். எனக்கு இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது.

வியாழக்கிழமை வேன் வைத்துக்கொண்டு சந்திரகிரிக்குப் போனார்கள். தயிர்சாதப் பொட்டலம், தண்ணீர்க் கேன், அளக்கிற இருபது மீட்டர் டேப் ஒன்று. அங்கே காவலாளி அவர்களை மேல்மாடிக்கு விடவில்லை. அதனால் தோட்டத்துப் புல்லில் வரிசையாக நின்று, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, ஸ்கேலைப் பிடித்துத் தூரத்திலிருந்தே அளந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா வந்திருந்தன. அவர்களும் கொஞ்ச நேரம் அரண்மனையை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். ஹரிபாபுவுக்கு மூன்று வந்தது. கிரண்குமாருக்கு நாலரை வந்தது. உமாபதிக்கு, யார் பக்கத்தில் நிற்கிறாரோ அதைப் பொறுத்து வந்தது.

"விஜயநகர காலத்துல எழுதிவெச்ச நடைவிதி ஒண்ணும் இருந்த மாதிரி தெரியல," என்று ஹரிபாபு வருத்தத்தோடு சொன்னார். "அதான் அவ்வளவு பெரிய பேரரசு விழுந்துபோச்சு." உமாபதி அதை மினிட்ஸில் எழுதிக்கொண்டார்.

கோட்டை வாசலில் போன் இருந்தது. யாமினி ஓடிப்போய்ப் போட்டாள்.

"காய் லேசா மஞ்சளாவுது. அது ஒண்ணும் இல்லம்மா, வெயிலு," என்றார் அப்பா. பின்னால் யாரோ சத்தம் போடுவது கேட்டது. "இன்னா நைனா சத்தம்?" என்றாள். "ஒண்ணும் இல்ல. பசங்க பேசிக்கினு கீறாங்க. நீ எப்போ வர?"

"நாளைக்கி நைனா. நாளைக்கி கண்டிப்பா."

"சரிம்மா. நான் இருக்கேன்."

வெள்ளிக்கிழமை சமரசம் பிறந்தது. உமாபதிதான் பெற்றெடுத்தார். ஒற்றைப்படை வரிகளுக்கு டேப், இரட்டைப்படை வரிகளுக்கு ஸ்பேஸ். இரண்டு கட்சிக்கும் சம மரியாதை. ஹரிபாபுவும் கிரண்குமாரும் எழுந்து ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து ஒரு முடிவு வந்துவிட்டது என்பதில் சிலருக்குக் கண் கலங்கியது.

யாமினிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவளுடைய வரி 212, இரட்டைப்படை, அதில் ஏற்கெனவே ஸ்பேஸ் இருந்தால் இன்றைக்கே வேலை முடிந்துவிடும் என்பது புரிந்தது. "அப்போ ஏத்திடலாமா சார்?"

"ஏத்திடலாம்," என்றார் ஹரிபாபு பெருந்தன்மையோடு. "அதுக்கு மேல ஒரு குறிப்பு வரி மட்டும் சேர்க்கணும். இந்தத் திருத்தம் யார் தலைமையில், எந்தத் தேதியில் ஒப்புக்கொள்ளப்பட்டதுன்னு. என் பேரு, என் பட்டம் ரெண்டும் வரணும்."

யாமினி கையிலிருந்த லட்டைக் கீழே வைத்தாள். "சார், நடுவுல ஒரு வரி சேர்த்தா, கீழ இருக்கற வரி எல்லாம் ஒண்ணொண்ணு தள்ளிப்போயிடுமே. ஒற்றை இரட்டையாயிடும், இரட்டை ஒற்றையாயிடும்."

உமாபதி கால்குலேட்டரை எடுத்தார். நிரலில் மொத்தம் 643 வரி. மேலே உள்ள 211 போக மீதி 432. அந்த 432-லும் டேப்பை ஸ்பேஸாகவும் ஸ்பேஸை டேப்பாகவும் மாற்றியாக வேண்டும்.

விதி தப்பு என்று அப்போதாவது ஒருவர் சொல்லியிருக்கலாம். குறிப்பு வரி வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஹரிபாபுவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ஒரு வரிய மாத்தறது எவ்ளோ பெரிய விஷயம்னு இப்ப புரியுதா? இதுக்குத்தான் சங்கம் வேணும்ங்கறது."

சனிக்கிழமை உமாபதி தன் நிலையத்து மாணவர்கள் பத்தொன்பது பேரை உட்காரவைத்து 432 வரியையும் புதிதாகத் தட்டச்சு செய்யவைத்தார். அதைச் செய்முறைத் தேர்வு என்று அறிவித்துவிட்டதால் யாரும் முணுமுணுக்கவில்லை. கிரண்குமார் ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் போய் ஸ்கேலை வைத்தார். ஒரு பெண்ணின் மானிட்டர் கொஞ்சம் பெரியது. அவளுக்கு மட்டும் அளவு சரியாக வரவில்லை, மூன்று முறை மறுபடி அடிக்கவைத்தார்கள். அன்றைக்கு அப்பாவுக்குப் போன் போட்டபோது செல்லியம்மா எடுத்தாள். "உங்க நைனா வண்டிகிட்ட கீறாரு, கூப்டட்டா?" என்றாள். பிறகு, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல, "சீக்கிரம் வாம்மா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் மொத்தமும் வேனில் சித்தூருக்குக் கிளம்பியது. முன்பக்கம் பேனர் கட்டியிருந்தார்கள். ஹரிபாபு மடியில் பட்டுத்துணி சுற்றிய குறுந்தகடு. ஆலைக்கு முன்னால் வேன் நின்றதும் யாமினி முதலில் குதித்து இறங்கினாள்.

இரண்டு மைல் வரிசை அப்படியேதான் நின்றது. ஆனால் ஓரத்தில் நின்ற பதின்மூன்றைக் காணோம். ஒரே ஒரு டிராக்டர் நின்றது. அதன் டிரெய்லரிலிருந்து சாறு சொட்டித் தார்ச்சாலையில் கோடாக ஓடியது. ஈ மொய்த்தது. புளித்த வாடை செல்லியம்மா கடைவரை அடித்தது.

"மத்த வண்டிங்க?" என்று யாமினி செல்லியம்மாவைக் கேட்டாள்.

"அவங்கல்லாம் புதன்கிழமையிலேருந்தே போவ ஆரம்பிச்சுட்டாங்கம்மா. உள்ள சரக்க எறக்கிட்டு வர்ற டிராக்டர நிறுத்தி, அவங்கவங்க டிரெய்லரக் கழட்டி அதுல மாட்டிக்கினாங்க. டிராக்டர் நம்பர் வேறயாச்சே, புது டோக்கன் குடுத்துடுச்சு. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டும் உள்ள. கம்ப்யூட்டர ஏமாத்த இன்னா பெரிய வித்தை வேணும்?" செல்லியம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்க நைனாவுக்கும் ஒரு டிராக்டரு புட்ச்சிக் குடுத்தாங்க. மாட்டேன்னுட்டாரு. எம் பொண்ணு திருப்பதி போயிருக்கா, சரி பண்ணிக்கினு வருவா, அவ வந்து பாக்கறப்போ நான் இங்க இல்லன்னா நல்லா இருக்குமான்னாரு. எல்லாரும் சத்தம் போட்டாங்க. கேக்கல."

யாமினி அப்பாவைப் பார்த்தாள். அவர் டிரெய்லருக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். ஆறு நாளாக அதைத்தான் செய்திருப்பார் போல. மகளைப் பார்த்ததும் சிரித்தார். "வந்துட்டியா? முடிஞ்சுதா?"

அவள் நேராக வாசலறைக்குள் போனாள்.

உள்ளே விழா நடந்துகொண்டிருந்தது. சிட்டிபாபு எல்லாருக்கும் மாம்பழச் சாறு கொடுத்தார். உமாபதி ஒருவரும் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லைத் தட்டினார். புதிய நிரல் ஏறியது. ஹரிபாபு நாலு வார்த்தை பேசினார், அரைமணி நேரம். "வெளிய பாருங்க. அன்னிக்கு பதிமூணு வண்டி மாட்டிக்கினு இருந்ததுன்னு இந்தப் பொண்ணு சொன்னா. இன்னிக்கு ஒண்ணுதான். நடை முடிவான ரெண்டே நாள்ல! நிரல ஏத்தறதுக்கு முன்னாடியே பலன் தெரியுது."

யாமினி திரையில் 213-ஆம் வரிக்குப் போனாள். மேலே 212-இல் ஹரிபாபுவின் பெயரும் பட்டமும் இருந்தன. 213-இல் டேப் அழகாக விழுந்திருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இருந்தது பழைய மூன்றெழுத்துதான். பழைய தாளைப் பார்த்தே பத்தொன்பது பேரும் அடித்திருக்கிறார்கள். அவளுடைய திருத்தம் அதில் இல்லை.

"சார், இது பழைய வரி. நான் சொன்னத மாத்தவே இல்லியே!"

ஹரிபாபு குனிந்து திரையைப் பார்த்தார். கிரண்குமார் ஸ்கேலை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

"வரிய விடும்மா," என்றார் ஹரிபாபு கனிவாக. "வரிக்கு முன்னாடி இருக்கற இடத்தப் பாரு. எவ்ளோ அழகா இருக்கு."

யாமினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாரும் தடுக்குமுன் மூன்றெழுத்தை அழித்தாள், மூன்று குறிகளைப் போட்டாள். அதோடு நிற்கவில்லை. வரிக்கு முன்னாலிருந்த இடத்தையும் மொத்தமாக அழித்து, வரியை இடது ஓரத்தில் கொண்டுபோய் ஒட்டினாள். கிரண்குமார் ஐயோ என்று கத்தினார், மெய்யாகவே அடிபட்டவர்போல. அவள் சேமித்து, நிரலை ஓடவிட்டாள்.

வாசல் மணி அடித்தது. பலகையில் 987 எரிந்தது.

வெளியே கோவர்த்தனன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினார். யாமினி ஓடி வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நைனா, வேணாம். உள்ள எடுக்க மாட்டாங்க."

"தெரியும்மா. கூப்ட்டுட்டாங்களே, போவலன்னா எப்படி?"

கேட் திறந்தது. டிராக்டர் சாறு ஒழுக உள்ளே போனது. வாசலில் நின்ற சங்கத்து உறுப்பினர்கள் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். தரம் பார்க்கிறவர் டிரெய்லருக்குள் கையை விட்டார். மணிக்கட்டுவரை போனது. கையை உதறிவிட்டுத் தலையை ஆட்டினார். கோவர்த்தனன் வண்டியைத் திருப்பி வெளியே கொண்டுவந்து, ஆலைச் சுவரோரப் பள்ளத்தில் நாலு டன்னையும் கொட்டினார். அந்தக் காய் விளைந்த மூன்று ஏக்கருக்கும் வருடம் முழுக்கத் தண்ணீர் சுமந்தவர் அவர்தான்.

அதற்குள் வாசலறையில் அவசரக் கூட்டம் கூடிவிட்டது. 213-ஆம் வரியில் இடமே விடப்படாதது சங்கத்தின் மீது நடந்த தாக்குதல் என்று ஹரிபாபு சொன்னார். உமாபதி கடவுச்சொல்லை மாற்றினார். வரி பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது, டேப்போடு. யாமினி உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாள். சங்கத்தின் ஒப்பந்தம் முக்கியம் என்று சிட்டிபாபு அவளை வேலையிலிருந்தும் நிறுத்தினார். வருத்தத்தோடுதான் நிறுத்தினார், பாவம்.

அப்பாவும் மகளும் நகரிக்குத் திரும்பினார்கள். காலி டிரெய்லர் பின்னால் தடதடத்துக்கொண்டு வந்தது. யாமினி மட்கார்டில் உட்கார்ந்து, அப்பா திட்டட்டும் என்று காத்திருந்தாள். புத்தூர் தாண்டியதும் அவர் எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திக் கேட்டார்.

"அந்த சாருங்க ஸ்கேலு வெச்சிக்கினு அஞ்சு நாளா இன்னாத்தம்மா அளந்தாங்க?"

"காலி எடம் நைனா."

கோவர்த்தனன் கியரை மாற்றினார்.

"அளந்து முடிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. உட்கமிட்டி போட்டுக்கீறாங்க," என்றாள் யாமினி.